கொழுப்பு மாத்திரை இதய வால்வைக் காப்பாற்றுமா? வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் இம்முறை இதய வால்வைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் அப்பாவுக்கு 69 வயது. பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, ஓய்வு பெற்றவர். பிரஷர் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஈப்போவுக்கு அனுப்பினார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்ததில் வால்வில் கால்சியம் படிந்திருக்கிறது, அடைப்பு நடுத்தரம் என்றார்கள். கிளினிக்கில் கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் 20, பிரஷருக்கு அம்லோடிபின் 10 கொடுக்கிறார்கள். "கொழுப்பு மாத்திரையை இரண்டாகப் போட்டால், கேத்தலில் படிந்த சுண்ணாம்பு மாதிரி அதுவும் கரைந்து போகும்" என்கிறார் சித்தப்பா. உண்மையா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கரையாது. அதைவிட அவசரமான விஷயம், உங்கள் அப்பா அந்த மாத்திரையை இரண்டாகப் போடவே கூடாது. அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு சிம்வாஸ்டாட்டின் அளவு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. இரண்டையும் கல்லீரலில் ஒரே என்சைம்தான் உடைக்கிறது. அம்லோடிபின் குறுக்கே நிற்பதால் சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தசை வலி, தசை கரைதல், அதிலிருந்து சிறுநீரகப் பாதிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். இத்தனைக்கும், இந்த வகை மாத்திரை எதையும் இரட்டிப்பாக்கினால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். கூடுதலாகக் குறைவது சுமார் 6 விழுக்காடுதான். அப்பாவுக்கு இன்னும் பலமான மருந்து தேவை என்றால் டாக்டர் வேறு மாத்திரைக்கு, பெரும்பாலும் அட்டோர்வாஸ்டாட்டினுக்கு, மாற்றிக் கொடுப்பார்.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதய நிபுணர்களே ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். நினைத்ததற்குக் காரணமும் இருந்தது.

இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது மகாதமனி வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இருக்காது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. வயதாக ஆக, அழுத்தம் அதிகம் தாங்கும் இடங்களில் மேல்தோல் சேதமடைகிறது. அதன் வழியே எல்.டி.எல். கொழுப்பு உள்ளே கசிகிறது, அழற்சி தொடங்குகிறது, பிறகு சுண்ணாம்பு படிகிறது. இரத்தக் குழாய் அடைப்பும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. புகைபிடித்தல், இனிப்பு நீர், இரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஆபத்துக் காரணங்களும் இரண்டுக்கும் ஒன்றே. குழாய்க்கு உதவும் மாத்திரை வால்வுக்கும் உதவும் என்று எதிர்பார்த்தது இயல்புதான். பழைய நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோதும், கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வால்வு மெதுவாகத்தான் குறுகியது போலத் தெரிந்தது.

பிறகுதான் சரியான சோதனைகள் நடந்தன. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்து, டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்ப்பது. மூன்று சோதனைகள் முக்கியமானவை.

முதலாவது ஸ்காட்லாந்தில் நடந்த சால்டயர் ஆய்வு, 2005-இல் வெளியானது. 155 பேர். பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம், அதாவது அந்த மருந்தின் உச்ச அளவு. வால்வு குறுகக் குறுக அதைத் தாண்டும் இரத்தத்தின் வேகம் கூடும். அந்த வேகம் மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு விநாடிக்கு 0.199 மீட்டர் கூடியது, சாப்பிடாதவர்களுக்கு 0.203. வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஐரோப்பாவில் 1873 பேரைக் கொண்டு நடந்த சியாஸ் ஆய்வு, 2008. சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமும் எசெட்டிமைப் என்ற இன்னொரு வகைக் கொழுப்பு மருந்து 10 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். எல்.டி.எல். பாதிக்கு மேல் இறங்கியது. ஆனாலும் வால்வு மாற்ற வேண்டிவந்தவர்கள் மருந்துப் பிரிவில் 28.3 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் 29.9 விழுக்காடு. மூன்றாவது கனடாவின் அஸ்ட்ரானமர் ஆய்வு, 2010. 269 பேர், ரோசுவாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். அங்கேயும் அதே கதை.

இடையில் 2007-இல் ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை கொடுத்தது: 121 பேர், அதில் ரோசுவாஸ்டாட்டின் எடுத்த 61 பேருக்கு வால்வு மெதுவாகக் குறுகியதாகக் கண்டார்கள். இன்றும் சிலர் அதைக் காட்டுகிறார்கள். ஆனால் அதில் சீட்டுக் குலுக்கல் கிடையாது. கொழுப்பு அதிகமாக இருந்தவர்களுக்கு மருந்து, சரியாக இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. தொடக்கத்திலேயே வேறுபட்ட இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டால் வித்தியாசம் மருந்தால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

ஏன் பலிக்கவில்லை? வால்வு நோய்க்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் கொழுப்புக்குப் பங்கு இருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் வால்வின் உள்ளே இருக்கும் செல்கள் எலும்பை உண்டாக்கும் செல்களைப் போல மாறிவிடுகின்றன. அறுவை சிகிச்சையில் எடுத்த சில வால்வுகளில் நிஜமான எலும்புத் திசுவையே பார்த்திருக்கிறார்கள். அந்த வேலை ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குக் கொழுப்பு தேவையில்லை. சுண்ணாம்பு இதழை விறைப்பாக்குகிறது, விறைத்த இதழ் மேலும் சேதமடைகிறது, சேதம் மேலும் சுண்ணாம்பைக் கூப்பிடுகிறது. எக்கோவில் அடைப்பு தெரியும் நேரத்தில் நோயாளி இந்த இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டிருப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. இரத்தக் குழாயில் மாரடைப்பு வருவது கொழுப்புக் கட்டி வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால். மாத்திரை அந்தக் கட்டியை இறுக்கி, வெடிக்காமல் தடுக்கிறது. இறுக்கும்போது குழாயில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடவும் செய்கிறது. குழாய்க்கு அது நல்லதே. வால்வில் வெடிப்பு என்ற பேச்சே இல்லை, அங்கே விறைப்புதான் நோய். எனவே கெட்டிப்படுத்தும் மருந்து அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

வால்வு நோய் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நாற்பது வயதில், கொழுப்பைக் குறைத்து வைத்தால் தடுக்கலாமா என்பது வேறு கேள்வி. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் நோய் வந்தவர்களிடம் நடந்தவை, அந்தக் கேள்விக்கு அவை பதில் சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

கேள்வி: வால்வுக்கு உதவாத மாத்திரை எதற்கு? கணவர் நிறுத்திவிடப் போகிறேன் என்கிறார். கால் தசை வலி வேறு இருக்கிறதாம். – வாசகி, லிந்தாங்

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள். அவருக்கு மாத்திரை எழுதியது வால்வுக்காக இருக்காது. இரத்தக் குழாய்க்காக இருக்கும். வால்வு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். மேலே சொன்ன சியாஸ் ஆய்விலேயே, வால்வுக்குப் பயன் இல்லாவிட்டாலும், இரத்தக் குழாய் சம்பந்தமான பாதிப்புகள் மருந்து சாப்பிட்டவர்களில் 15.7 விழுக்காட்டினருக்கும் சாப்பிடாதவர்களில் 20.1 விழுக்காட்டினருக்கும் வந்தன. இனிப்பு நீர் உள்ளவருக்கும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் லாபம் இன்னும் அதிகம். எல்.டி.எல். இலக்கு ஆபத்து அதிகமானவர்களுக்கு 1.8 மில்லிமோலுக்குக் கீழ், மிக அதிகமானவர்களுக்கு 1.4-க்குக் கீழ். இரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்தக் கொழுப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல் எல்.டி.எல். என்ற வரியைப் பாருங்கள்.

தசை வலியை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆனால் நாள் முழுக்க வெட்டுக்கத்தியும் மட்டையுமாக வேலை செய்கிறவருக்கு எல்லா வலியும் மாத்திரையால் வருவதும் அல்ல. மாத்திரையால் வரும் வலி பொதுவாக இரண்டு தொடைகளிலும், அல்லது இரண்டு தோள்களிலும், சரிசமமாக வரும். தொடங்கியபின் அல்லது அளவைக் கூட்டியபின் சில வாரங்களில் தலைகாட்டும். ஒரு பக்க இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலும் முதுகுத் தண்டுச் சமாசாரம். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. என்ற இரத்தப் பரிசோதனை கேளுங்கள். எழுந்து நிற்கக்கூட முடியாத பலவீனமோ, சிறுநீர் கறுத்த பழுப்பாகப் போவதோ இருந்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெரும்பாலான சிக்கல்கள் மாத்திரையால் வருவதைவிட அதோடு சேர்ந்து வயிற்றுக்குள் போவதால் வருகின்றன. இருமல், சளி என்று தனியார் கிளினிக்குக்குப் போகும்போது சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய கிருமிக்கொல்லிகள் அதோடு சேரவே கூடாது. அவை தேவைப்பட்டால் அந்த நாட்களுக்கு சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வைப்பார்கள். அரசாங்க கிளினிக் மருந்து ஒரு பையிலும் தனியார் மருந்து இன்னொரு பையிலும் இருந்து, இரண்டு டாக்டரும் மற்றதைப் பார்க்காததுதான் இங்கே அடிக்கடி நடக்கிறது. எங்கே போனாலும் இரண்டு பையையும் கையோடு கொண்டுபோங்கள்.

சீன மருந்துக் கடையில் "இயற்கையான கொழுப்பு மருந்து" என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிசையில் இருக்கும் மொனாகொலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையில் உள்ள அதே இரசாயனம். கிளினிக் மாத்திரையோடு அதையும் விழுங்கினால் ஒரே வகை மருந்தை இரண்டு மடங்கு சாப்பிட்ட கணக்கு. அடுத்தது தம்புன் பொம்பளிமாஸ். கிரேப் புரூட்டின் குடும்பம். அதே மாதிரி குடலில் மருந்தை உடைக்கும் என்சைமைத் தடுக்கும் பொருட்கள் இதிலும் உண்டு. சிம்வாஸ்டாட்டின் சாப்பிடும் காலத்தில் தவிர்ப்பது நல்லது. ஈப்போ பக்கம் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்வது அநியாயம்தான். பழத்தை விட மனமில்லாதவர்கள் டாக்டரிடம் சொன்னால் ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம், அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

சிம்வாஸ்டாட்டின் இரவில் சாப்பிட வேண்டிய மாத்திரை. உடம்பிலிருந்து சீக்கிரம் போய்விடும், கல்லீரல் கொழுப்பை அதிகம் உற்பத்தி செய்வதோ இரவில். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நீண்ட நேரம் தங்கும், எந்த நேரத்திலும் சாப்பிடலாம்.

கேள்வி: எக்கோ ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலமும் எண்ணும். எதைப் பார்ப்பது? – வாசகர், சலாக்

பதில்: மகாதமனி வால்வுக்கு மூன்று எண்கள் போதும். முதலாவது, "வி-மேக்ஸ்" என்று குறித்திருக்கும் வேகம். வால்வு குறுகக் குறுக இரத்தம் அதிக வேகத்தில் பீறிடும். விநாடிக்கு 2 முதல் 2.9 மீட்டர் வரை லேசான அடைப்பு, 3 முதல் 3.9 வரை நடுத்தரம், 4-ம் அதற்கு மேலும் தீவிரம். இரண்டாவது, "மீன் கிரேடியன்ட்", அதாவது வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம்: 20-க்குக் கீழ் லேசு, 40-ஐத் தொட்டால் தீவிரம். மூன்றாவது, "ஏ.வி.ஏ." என்ற வால்வுத் திறப்பின் பரப்பு. ஆரோக்கியமான வால்வுக்கு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர், 1.5-க்குக் கீழே நடுத்தரம், 1-க்குக் கீழே தீவிரம்.

கூடவே "இ.எஃப்." என்று ஒரு விழுக்காடு இருக்கும். இதயம் எவ்வளவு பலமாக இரத்தத்தைத் தள்ளுகிறது என்பது அது. தீவிர அடைப்போடு இ.எஃப். 50-க்குக் கீழே இறங்கியிருந்தால், அறிகுறி ஒன்றுமே இல்லாவிட்டாலும் வால்வை மாற்ற வேண்டும்.

எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமலும் இருக்கலாம். திறப்பு 0.8 என்றும் வேகம் 3.2 என்றும் எழுதியிருந்தால் குழம்பாதீர்கள். இதயம் பலவீனமாக இருந்தால் இரத்தத்தை வேகமாகத் தள்ள முடியாது, வேகம் குறைவாகக் காட்டும். வால்வு மட்டும் உண்மையிலேயே குறுகியிருக்கும். அப்போது சாயம் ஏற்றாத சி.டி. ஸ்கேனில் வால்வுச் சுண்ணாம்பைப் புள்ளிக் கணக்கில் அளப்பார்கள். ஆண்களுக்கு 2000-க்கு மேல், பெண்களுக்கு 1200-க்கு மேல் என்றால் தீவிர அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பெண்களின் வால்வு சிறியது, சுண்ணாம்பு குறைவாக இருந்தாலும் விறைத்துவிடும். அதனால்தான் இரண்டு அளவு.

சராசரியாக வேகம் ஆண்டுக்கு 0.3 மீட்டர் கூடுகிறது, திறப்பு ஆண்டுக்கு 0.1 சதுர சென்டிமீட்டர் சுருங்குகிறது. சிலருக்குப் பத்து ஆண்டுகள் அசையாமல் இருக்கும், சிலருக்கு இரண்டே ஆண்டில் பாய்ந்துவிடும். ஆகவே லேசான அடைப்புக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு 1 முதல் 2 ஆண்டுக்கு ஒருமுறை, தீவிரத்துக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. அரசாங்கத்தில் நிபுணர் கிளினிக் கட்டணம் குடிமக்களுக்கு ஐந்து வெள்ளி. காசைவிட அப்பாயின்மென்ட் தேதியைத் தவறவிடுவதுதான் பிரச்சினை. பழைய ரிப்போர்ட்டின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய எண்ணுக்கு அர்த்தம் பழைய எண்ணோடு ஒப்பிடும்போதுதான் கிடைக்கும்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மயக்கம் இந்த மூன்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். தீவிர அடைப்பில் அறிகுறி தொடங்கியபின் வால்வை மாற்றாமல் விட்டால் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று ஆண்டுதான். நம் பெரியவர்கள் "வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது" என்று நடையைக் குறைத்துக்கொண்டு, அறிகுறியே இல்லை என்று டாக்டரிடம் சொல்லிவிடுவார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: போன தீபாவளிக்கு எந்தக் கடைவரைக்கும் நிற்காமல் நடந்தார், இந்தத் தீபாவளிக்கு எதுவரைக்கும்?

கேள்வி: அப்படியானால் மருந்தே இல்லையா? கே2 விட்டமின் நல்லது என்கிறார்கள். எலும்புக்குக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையால்தான் வால்வில் படிகிறது என்றும் சொல்கிறார்கள். – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வால்வுச் சுண்ணாம்பை நிறுத்தும் என்று நிரூபணமான மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை. விட்டமின் கே2-ஐ டென்மார்க்கில் 365 ஆண்களிடம், ஒரு நாளைக்கு 720 மைக்ரோகிராம் வீதம், விட்டமின் டி-யோடு சேர்த்து இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது, வால்வில் வித்தியாசம் இல்லை. எலும்புத் தேய்வு மருந்துகளான டெனோசுமாப், அலென்ட்ரோனேட் இரண்டும் 2021-இல் தோற்றன. எனவே கே2 புட்டிக்குச் செலவழிக்கும் காசை நல்ல பிரஷர் மெஷினுக்குச் செலவழிக்கலாம்.

நெத்திலி, பால், கீரையில் வரும் கால்சியம் வால்வில் போய்ப் படிவதில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையாகச் சாப்பிடும் கால்சியம் கொஞ்சம் வேறு. வால்வு அடைப்புள்ள முதியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில் கால்சியம் மாத்திரை எடுத்தவர்களுக்கு இறப்பும் வால்வு மாற்றும் தேவையும் அதிகமாக இருந்தன. அது கவனித்து எழுதிய ஆய்வுதான், சீட்டுக் குலுக்கல் இல்லை, மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. டாக்டர் எழுதித் தராமல் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். எழுதித் தந்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வால்வைச் சரிசெய்வது மாற்றுவதன் மூலம்தான். நெஞ்சைத் திறந்து மாற்றலாம். அல்லது தொடை இரத்தக் குழாய் வழியாகப் புதிய வால்வை மடித்துக் கொண்டுபோய் விரிக்கலாம். டாவி எனப்படும் இந்த முறையை முதன்முதலில் மனிதருக்குச் செய்தது 2002-இல், பிரான்சின் ரூவான் நகரில், அலன் கிரிபியே. மலேசியாவில் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகமான ஐ.ஜே.என். உள்ளிட்ட இடங்களில் செய்கிறார்கள். பொதுவாக வயது குறைந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை, எண்பதை நெருங்கியவர்களுக்கு டாவி. திசு வால்வு பத்து, பதினைந்து ஆண்டு தாங்கும். உலோக வால்வு தேயாது. ஆனால் ஆயுள் முழுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் மாத்திரை சாப்பிட்டு, இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 36 வயது. அப்பாவுக்கு 57-இல் வால்வு மாற்றினார்கள். எனக்கும் வருமா? – வாசகர், கோலகங்சார்

பதில்: 57 வயது என்பது இந்த நோய்க்கு இளமை. இரண்டு காரணங்களை முதலில் தேட வேண்டும். ஒன்று, பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ் இருப்பது. நூறில் ஒருவர் அல்லது இருவருக்கு இது உண்டு. இப்படிப்பட்ட வால்வு பத்து, இருபது ஆண்டு முன்னதாகவே விறைத்துவிடும். குடும்பத்தில் ஓடும். அப்பாவின் அறுவை சிகிச்சை அறிக்கையில் எத்தனை இதழ் என்று எழுதியிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். இரண்டு என்றால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றது எல்.பி.ஏ. என்ற பரம்பரைக் கொழுப்பு. லைப்போபுரோட்டீன் ஏ என்பது முழுப்பெயர். சாதாரணக் கொழுப்புப் பரிசோதனையில் இது தெரியாது, தனியாகக் கேட்க வேண்டும். இதைக் கூட்டும் மரபணு உள்ளவர்களுக்கு வால்வில் சுண்ணாம்பு அதிகம் படிகிறது என்று 2013-இல் உறுதியானது. தெற்காசிய வம்சாவளியினருக்கு இது ஐரோப்பியர்களைவிட அதிகம் இருப்பதும் தெரிந்ததே. 50 மில்லிகிராமுக்கு மேல், வேறு அளவையில் 125 நானோமோலுக்கு மேல் என்றால் அதிகம். பிறப்போடு வரும் அளவு என்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

கொழுப்பு மாத்திரைகள் வால்விடம் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவை எல்.டி.எல்.லைக் குறைக்கின்றன, எல்.பி.ஏ.-யைத் தொடுவதில்லை, சில சமயம் சற்றுக் கூட்டவும் செய்கின்றன. எல்.பி.ஏ.-யையே குறைக்கும் ஊசி மருந்துகள் இப்போது சோதனையில் இருக்கின்றன. உங்கள் அளவு அதிகம் என்று வந்தால் இன்று செய்ய வேண்டியது மற்ற எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது: சிகரெட் கூடாது, பிரஷர் கட்டுக்குள், எல்.டி.எல். தாழ்வாக.

கேள்வி: தீவிர அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி வேண்டுதல் இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு எடுக்கலாமா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எடுக்கக்கூடாது. பத்துமலையின் 272 படிகளானாலும் சரி, ஈப்போ கல்லுமலைக்குப் போகும் வெயில் நடையானாலும் சரி. உழைக்கும்போது கால் தசைகளின் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தத்தை இழுக்கும். நல்ல இதயம் இரண்டு மூன்று மடங்கு தள்ளி ஈடுகட்டும். குறுகிய வால்வு அந்த அளவை வெளியே விடாது. இரத்த அழுத்தம் சட்டென்று விழும், மூளைக்கு இரத்தம் குறையும், மயக்கம். சிலருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். விரதத்தால் உடம்பில் நீர் குறைந்திருப்பதும், நீர் மாத்திரை சாப்பிடுவதும் இதை மோசமாக்கும். அருள் வந்த நிலையில் நெஞ்சு வலி தெரியவும் செய்யாது.

சமதரையில், நிழலான நேரத்தில், சிறிய பால்குடம் எடுக்கலாமா என்பதை உங்கள் எக்கோவைப் பார்த்த டாக்டரிடம் கேளுங்கள். வால்வை மாற்றி நன்றாகத் தேறியபின் வேண்டுதலை நிறைவேற்றுகிறேன் என்று முருகனிடம் தவணை கேட்பதில் தவறில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நெஞ்சு வலிக்கிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கும் தன்னுடைய மாத்திரையை எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். அது இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து. தீவிர வால்வு அடைப்பில் அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கி ஆளைச் சாய்த்துவிடும். 999-க்கு அழைத்து, "மகாதமனி வால்வு அடைப்பு இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார். அவருக்குக் கொழுப்பு மாத்திரை தேவையா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: டயாலிசிசுக்கு முன்பே சாப்பிட்டு வந்தார் என்றால் தொடரட்டும். டயாலிசிஸ் தொடங்கியபின் புதிதாக ஆரம்பிப்பதில் லாபம் தெளிவில்லை. 2005-லும் 2009-லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பயன் தெரியவில்லை. அவருடைய வால்வுக்குக் கொழுப்பைவிட, உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் பாஸ்பேட் உப்புதான் எதிரி. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சுண்ணாம்பு மற்றவர்களைவிட வேகமாகப் படியும். பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் வீண். டின் மீன், சாசேஜ், கறுப்பு கோலா பானம் மூன்றையும் முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: வால்வு அடைப்பு உள்ளவர் பல் பிடுங்கும் முன் கிருமிக்கொல்லி சாப்பிட வேண்டுமா? – வாசகர், லிந்தாங்

பதில்: சொந்த வால்வு என்றால் வேண்டாம். செயற்கை வால்வு வைத்தவருக்கும், முன்பு இதய உள்ளுறையில் கிருமித் தொற்று வந்தவருக்கும் வேண்டும்: வழக்கமாக அமோக்சிசிலின் 2 கிராம், பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்னதாக, ஒரே வேளை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு மருந்து தருவார். வார்பரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிட்டுப் போய் உட்காரக்கூடாது. அண்மையில் எடுத்த ஐ.என்.ஆர். அட்டையைக் கொண்டுபோங்கள்.